நாங்கள் என்று எழுதினேன்

அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் நான் எழுதி நிறுத்திய இடம் கல்லூரி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை. அதில் ஒட்டியிருந்த தாளில், என் தோழியின் பெயருக்கு நேரே, 'செவ்வாய், மாலை ஐந்தரை, ஒழுங்குக் குழு' என்று இருந்தது. இன்று அந்தச் செவ்வாய்.

எதையும் வரிசைப்படுத்தாவிட்டால் எனக்குக் கை ஓடாது. வரிசைப்படுத்தின பிறகும், சரியாகத்தான் எழுதினேனா என்று சந்தேகம் வரும். ஆனாலும் எழுதுகிறேன்.

வியாழன். வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டேன். படிப்பறை பகல் மாணவர்களுக்கு மட்டும்தான். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மாலை வகுப்புக்காரர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஒற்றை விளக்கில் படிப்போம். அன்று நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணன் பார்த்தான். அவன் கல்லூரியின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான்; சாவிக்கொத்து அவன் இடுப்பில். நான் கேட்டேன், அவன் திறந்தான். புழுக்கமாக இருக்கிறது என்றேன். பழுதாகி இறுகிக் கிடந்த ஜன்னலை நெட்டித் தள்ளித் திறந்தான்.

வகுப்பு முடிந்து வந்தவர்கள் திறந்த கதவைப் பார்த்து, எங்கள் மாலை மாணவர் சங்கத் தலைவி அனுமதி வாங்கிவிட்டாள் என்று நினைத்து உள்ளே உட்கார்ந்தார்கள். தலைவி எட்டரைக்கு வந்தாள். யாரோ அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து, பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனாள். ஒன்பது மணிக்கு அண்ணன் பூட்ட வந்தபோது ஜன்னல் மூட மறுத்தது. கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். விடிவதற்குள் மழை. ஜன்னலுக்குக் கீழே அடுக்கியிருந்த பகல் மாணவர்களின் நாற்பத்தொரு ஆய்வேடுகள் ஊறிப்போயின.

அந்தத் தலைவிதான் என் தோழி நெட்டை. அவள் இனம் வேறு, மொழி வேறு, கும்பிடுகிற இடம் வேறு. பகலில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். நான் கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறேன். வெட்டுவதற்கு முன் லென்ஸில் மூன்று புள்ளி வைப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, "இதுக்கு உங்க பாஷையில என்ன?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் 'புள்ளி'. அவள் தலைவி, நான் செயலாளர். இரண்டு வருடத்தில் அந்தப் படிக்கட்டு விளக்கையும், எட்டு மணிவரை திறந்திருக்கும் கேன்டீனையும் கேட்டு வாங்கியிருக்கிறோம். படிப்பறைக்கு மனு போட்டுக் காத்திருந்தோம்.

இப்போது குற்றம் அவள் மேல். நீக்கிவிட்டால் இன்னும் ஐந்து நாளில் தொடங்கும் இறுதித் தேர்வை எழுத முடியாது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக முடியாது. இரண்டு வருடம் அவள் தூக்கத்தை விற்றுப் படித்தது அதற்காகத்தான்.

என் மேல் ஏன் குற்றம் இல்லை? வெள்ளிக்கிழமை சங்கத்தின் கோப்பை எடுத்துக்கொண்டு போன எழுத்தர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ பயப்படாதேம்மா. உங்க ஆளுங்க அமைதியானவங்க, எங்களுக்குத் தெரியும். அவதான் உன்னை இழுத்து விட்டிருப்பா."

நான் தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா? எத்தனை முறை யோசித்தாலும் தெளிவாகவில்லை. மறுத்துப் பேசவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

திங்கள் மாலை வகுப்பில் அவள் ஆட்கள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகப் பிரிந்தார்கள். கரும்பலகையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'அவங்க கையில எதைக் கொடுத்தாலும் இப்படித்தான்.' அழிப்பான் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எழுந்தது நெட்டை. அழித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள். சனிக்கிழமையிலிருந்தே அவள் என்னோடு பேசவில்லை.

அண்ணனை நான் மறைப்பதால்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு தப்பு என்பது இன்று மதியம்தான் தெரிந்தது.

*

காலை ஐந்தே முக்கால். அம்மா ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்கு ஆறரைக்கு ஷிஃப்ட். அண்ணன் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஒரே காலரை இரண்டு தடவை.

"என்னம்மா, நம்ம வீட்டுப் பெரிய புள்ளி இன்னிக்கு முகத்தைத் தூக்கி வெச்சிருக்கு?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

"இன்னிக்கு அஞ்சரைக்கு, அண்ணா."

"தெரியும்."

"நான் போய்ச் சொல்லிடட்டுமா?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. அம்மாவின் கையில் நாடா பாதி முடிச்சில் நின்றது.

"என்னத்தைச் சொல்லுவே?" என்றாள் அம்மா.

"நடந்ததை."

"திங்கக்கிழமை இவனுக்கு நிரந்தர உத்தரவு வருது. ஆறு நாள். ஆறே ஆறு நாள் உன்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!"

"அவ படிப்பு போயிடும்மா."

"போகட்டும். அவளுக்கு பஸ் இருக்கு. கையில வேலை இருக்கு." அம்மா குரலைத் தாழ்த்தினாள், அண்ணன் அந்த அறையிலேயே இல்லாததுபோல. "இவனுக்கு என்ன இருக்கு? சொல்லு."

அவள் கண் சுவர்ப் பக்கம் போனது. என் கண்ணும் போனது. முந்தைய தொழிற்சாலையை மூடிய பிறகு அண்ணன் இரண்டு வருடம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான். பேச்சில்லை. விரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி, உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் உரிந்துபோனது. வேலை கிடைத்த அன்று அம்மா அந்த இடத்தை மறைத்து ஒரு மாதக் காலண்டரை மாட்டினாள். யாருடைய வீட்டிலும் அவ்வளவு தாழ்வாகக் காலண்டர் தொங்காது. எங்கள் வீட்டில் கட்டில் உயரத்தில் தொங்குகிறது. ஏன் என்று எங்களுக்குள் யாரும் கேட்டதில்லை.

"விடும்மா," என்றான் அண்ணன். சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டினான். கதவருகில் நின்று என் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். சொல்றதா இருந்தா, என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டுச் சொல்லு. திடீர்னு ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்கன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"சரி அண்ணா."

"சத்தியமா?"

"சத்தியமா."

*

கடையில் கவனம் வேறெங்கோ இருந்தது. ஒரு பெரியவரின் வலது லென்ஸை இடது பக்கம் பொருத்திவிட்டேன். கடைக்கார அம்மா ஃப்ரேமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு கண்ணு? இதைப் போட்டுக்கிட்டு அவர் வீட்டுக்குப் போனா, பக்கத்து வீட்டுல போய் உக்காந்து காபி கேப்பாரு."

"மன்னிச்சிடுங்கம்மா."

"உடம்பு சரியில்லைன்னா கிளம்பு. மெஷின்ல விரலைக் கொடுத்துடாதே."

கிளம்பினேன். நெட்டையின் பேருந்து ஒன்றே காலுக்குக் கடையைத் தாண்டும். அது எனக்கு மனப்பாடம்.

ஏறினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். 'ஓட்டுநரிடம் பேசக் கூடாது' என்ற பலகையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். கடைசி நிறுத்தம்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் இறங்கினார்கள். அடுத்த நடைக்கு ஏழு நிமிடம் இருந்தது.

எஞ்சினை அணைத்தாள். நாங்கள் பேசுவது இந்த நகரத்தின் பொதுமொழியில். அதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். இன்றைக்கு அந்த வேலையே எனக்குப் பயமாக இருக்கிறது; ஏன் என்பது இதோ வருகிறது.

"சாட்சி சொல்ல ஒத்திகையா?" என்றாள்.

"நெட்டை, நான் உன்னை மாட்டிவிட நினைக்கலை."

"நினைக்கலையா? எழுதியே கொடுத்திருக்கியே."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் திணித்தாள். குற்றச்சாட்டுக் கடிதத்தோடு வந்த நகல். என் கையெழுத்து. வெள்ளி காலை, மழையைப் பற்றித் தெரிவதற்கு முன், அவளிடம் ஒளிக்கக் கூடாது என்று நான் அவசரமாக எழுதிச் சங்கத்தின் கோப்பில் வைத்த குறிப்பு. அவள் பார்ப்பதற்குள் எழுத்தர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் டைரியில் முதலில் தமிழில் எழுதியது இது: 'தலைவருக்கு. நேற்று மாலை படிப்பறையை நாங்கள் திறந்தோம். ஜன்னலையும் நாங்கள்தான் திறந்தோம். அனுமதி வாங்கவில்லை. தப்புதான். நேரில் பேசலாம். செயலாளர்.'

அதைப் பார்த்துத்தான் பொதுமொழியில் எழுதினேன்.

"படி," என்றாள் நெட்டை. "சத்தமா படி. செயலாளர் தலைவருக்கு எழுதுறா. நாம திறந்தோம். நாமதான் ஜன்னலையும் திறந்தோம். நேர்ல பேசிக்கலாம். நான் எங்கடி திறந்தேன்? நான் உள்ள வரும்போதே ஜன்னல் திறந்திருந்துதே!"

எனக்கு முதலில் புரியவில்லை. 'நாங்கள்' என்றுதானே எழுதினேன்? நீ இல்லை, வேறு இருவர் என்றுதானே எழுதினேன்? தாளை மறுபடி பார்த்தேன். பொதுமொழியில் அந்த இடத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அந்த மொழியில் அதற்கு ஒரே சொல்தான் இருக்கிறது.

அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன்.

"நெட்டை, எங்க பாஷையில அதுக்கு ரெண்டு சொல் இருக்கு. உனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கேன். கேட்கிறவங்களையும் சேர்த்துக்கிட்டா நாம. கேட்கிறவங்களை விட்டுட்டா நாங்க. நான் உன்கிட்டதானே சொன்னேன்? உன்னை விட்டுட்டுத்தான் எழுதினேன். நாங்கன்னு எழுதினேன்!"

அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். போன வருடம் கேன்டீனில் இதைச் சொன்னபோது அவள் சிரித்தது இருவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "வாசல்ல ஒரு காவல்காரனை நிறுத்தி வெச்சிருக்கு உங்க பாஷை. நீ உள்ள, நீ வெளியன்னு" என்றாள் அப்போது.

இப்போது சிரிக்கவில்லை. "அந்தக் காவல்காரன் இந்தத் தாள்ல லீவு போட்டுட்டான் போலிருக்கு."

"என் தப்பு."

"மூணு நாளா நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தனியா மாட்டிக்க பயந்துகிட்டு என்னையும் இழுத்துப் போட்டிருக்கேன்னு. உன்னை நினைச்சா வாந்தி வந்துது, புள்ளி." ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். பிறகு வேறு குரலில் கேட்டாள்: "அப்ப அந்த நாங்கள்ல நீ ஒருத்தி. இன்னொருத்தர் யாரு?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"கேட்டேன்னு நினைச்சுக்காதே," என்றாள். "சாவி யார் இடுப்புல தொங்குதுன்னு எனக்கும் கண்ணு இருக்கு. நான் சொல்லமாட்டேன். எங்க வீட்டுலயும் வேலையில்லாம ஒரு அண்ணன் இருந்தான்."

'இருந்தான்' என்பதை நான் கேட்டேன். மேலே கேட்கத் தைரியமில்லை. ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். அவள் எஞ்சினைப் போட்டாள்.

"அஞ்சரைக்கு வா. வந்து அவங்களுக்கு உங்க இலக்கணத்தைச் சொல்லிக்கொடு. நம்புவாங்களான்னு பாப்போம்."

*

அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் சலவை எந்திரங்களின் இரைச்சல். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான்-னு எழுதியிருக்கலாமேடி," என்றாள்.

அம்மா என் டைரியைப் பார்த்ததே இல்லை. ஆனால் பார்த்த மாதிரி சொன்னாள். 'நான் கேட்டேன், என்னால் திறந்தது' என்று, நான், நான் என்றே எழுத எனக்கு என்ன தடை? பன்மைக்குள் ஒதுங்கிக்கொண்டால் மழை படாது என்று நினைத்தேன். மழை பக்கத்தில் இருந்தவள் மேல் பெய்துவிட்டது.

"இப்ப நான்-னு சொன்னா போதுமாம்மா?"

"சாவி உன்கிட்ட ஏதுன்னு கேப்பாங்களே." அவளே கண்டுபிடித்து, அவளே நொந்துகொண்டாள். "கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பின கதையா இருக்கே... சின்னவளே, அவனைச் சொல்லிடாதே. கால்ல விழுந்து கேக்கறேன்."

நான்கு மணிக்குப் பராமரிப்புப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் இல்லை. விடுதி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறான் என்றார் அங்கிருந்த பிளம்பர்.

"போன் இருக்குமா அவன்கிட்ட?"

"தொட்டிக்குள்ள போனா? அப்புறம் போனையும்தான் கழுவணும். லாக்கர்ல இருக்கு."

விடுதிக்கு ஓடினேன். மொட்டைமாடிக் கதவு மாடிப் பக்கமிருந்து பூட்டியிருந்தது, பாதுகாப்புக்காக. கதவைத் தட்டினேன். அண்ணா என்று கத்தினேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து இருபதுவரை நின்றேன். பிறகு படியிறங்கினேன்.

சத்தியம் செய்திருந்தேன். அதையும் வரிசையில் எழுதத்தான் வேண்டும்.

*

குழுவில் மூன்று பேர். துணை முதல்வர், நூலகர், பகல் மாணவர் சங்கச் செயலாளர். ஊறிப்போன ஆய்வேடுகளில் ஒன்று அவனுடையது. இந்தப் பக்கம் நெட்டை, பேருந்துச் சீருடையில். என்னை அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?" துணை முதல்வர் குறிப்பைக் காட்டினார்.

"ஆமா சார். ஆனா ஒரு சொல் தப்பா விழுந்துடுச்சு."

சொன்னேன். இரண்டு சொல் இருப்பதை, ஒன்றாகிப்போனதை. இரண்டு இடத்தில் திக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குப்போலக் கேட்டது.

"இது இப்ப கண்டுபிடிச்சதா, இல்ல போன வாரமே இருந்துதா?" என்றான் பகல் செயலாளன்.

"ஒரு சொல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கப் பாக்கறீங்க," என்றார் நூலகர்.

துணை முதல்வர் கையை உயர்த்தினார். "இருங்க. சொல்றதை அப்படியே எடுத்துக்குவோம். தலைவர் அதுல இல்லை. சரி. அப்ப இன்னொருத்தர் யாரு?"

நெட்டை குறுக்கிட்டாள். "சார், அதை அவகிட்ட கேக்காதீங்க. நான் இல்லைங்கறது போதாதா?"

"போதாது. பேர் இல்லாட்டி, தாள்ல இருக்கறதைத்தான் குழு எடுத்துக்கும்." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "எழுதிக் கொடுங்க. வாய்ப்பேச்சு வேண்டாம்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்திரண்டு. நெட்டை மிக மெதுவாகத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்கிறாளா, எழுது என்கிறாளா? அதுகூட எனக்குத் தெரியவில்லை. காலண்டருக்குப் பின்னால் இருக்கிற சுவர் தெரிந்தது. கரும்பலகையை அழித்த அவள் கை தெரிந்தது. இரண்டையும் ஒரே தாளில் வைக்க ஒரு வாக்கியம் இருக்கும் என்று தேடினேன். இல்லை.

எழுதினேன். 'வியாழன் மாலை படிப்பறையைத் திறக்கச் சொன்னது நான். திறந்தது என் அண்ணன். தலைவர் அப்போது அங்கே இல்லை.' மூன்று வாக்கியம். பதினொரு நிமிடம்.

துணை முதல்வர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க அண்ணன் நம்ம பராமரிப்புலயா இருக்காரு?"

"ஆமா சார்."

நூலகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

சாவிப் பதிவேட்டோடு ஆளை அனுப்பச் சொல்லிப் போன் போனது. கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அண்ணன்தான். கையில் பதிவேடு, முழங்கால்வரை ஈரம். தலைமுடியில் தொட்டியின் பாசி. என்னைப் பார்த்தான். துணை முதல்வரின் கைக்குக் கீழே இருந்த தாளைப் பார்த்தான். அதற்கு மேல் அவனுக்கு எதையும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதிவேடு திறந்தது. துணை முதல்வர் வியாழக்கிழமை வரியைச் சத்தமாகப் படித்தார்:

"'ஐந்து பத்து. படிப்பறை, மாலை மாணவர்களுக்காகத் திறந்தது. ஜன்னல் இன்னமும் மூடவில்லை, கம்பி கட்டியுள்ளது. ஒன்பது ஐந்து, பூட்டியது.' கீழே உங்க கையெழுத்து. இதை எப்ப எழுதினீங்க?"

"அன்னிக்கே சார். பூட்டினதும்."

"அஞ்சு நாளா இது எங்க இருந்துது?"

"ஆணியிலதான் சார் தொங்குது." அண்ணன் பதிவேட்டைப் பார்த்தான். "யாரும் கேக்கலை."

நெட்டை மட்டும் சின்னதாகச் சிரித்தாள். சந்தோஷம் இல்லாத சிரிப்பு. "என்னைக் கேட்டீங்களே. அது போதும்னு தோணியிருக்கும்," என்றாள்.

துணை முதல்வர் பதிவேட்டை மூடினார். நெட்டை மேல் உள்ள குற்றச்சாட்டு நிறுத்தி வைக்கப்படுகிறது; அவள் தேர்வு எழுதலாம். மற்றது பற்றித் திங்கட்கிழமை முடிவு. "சாவியை இங்கேயே வெச்சுட்டுப் போங்க," என்றார் அண்ணனிடம்.

ஈர விரலுக்குக் கொக்கி வழுக்கியது. மூன்று முறை முயன்று கழற்றி, மேஜை மேல் ஓசை வராமல் வைத்தான்.

வெளியே வராந்தாவில் அவன் பின்னால் ஓடினேன்.

"தேடினேன் அண்ணா. மாடிக் கதவு பூட்டியிருந்துது. தட்டினேன், கத்தினேன்..."

"ம்."

"அண்ணா..."

நின்றான். திரும்பவில்லை. "அவங்க கூப்பிடாட்டியும் வந்திருப்பேன். நானே சொல்லியிருப்பேன். படியேறி வரும்போது அதைத்தான் வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். எந்த வார்த்தையில ஆரம்பிக்கலாம்னு." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கால் மணி நேரம் நீ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாம், புள்ளி," என்றான்.

கேலியில்லாமல் அவன் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

*

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். அவன் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். சீருடையைக்கூட மாற்றவில்லை. அம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், ஷூவோடு.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வந்ததும் படுத்துட்டான்," என்றாள். அவ்வளவுதான்.

நான் சமையலறை வாசலில் உட்கார்ந்தேன். விளக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. அவன் நகம் காலண்டர் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. கர், கர் என்று. இரண்டு வருடம் கேட்ட அதே சத்தம், இப்போது பெயின்டுக்குப் பதிலாகத் தாளில்.

கதவு தட்டப்பட்டது.

நெட்டை. இரண்டு வருடத் தோழி, எங்கள் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் முறை. நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை என்பது அவளை வாசலில் பார்த்த அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "உன்னைத்தான் விட்டுட்டாங்களேம்மா," என்றாள் தமிழில். "இன்னும் எங்ககிட்ட என்ன மிச்சம் இருக்கு?"

நெட்டைக்கு வார்த்தை புரிந்திருக்காது. குரல் புரிந்தது. ஒரு கணம் நின்றாள். பிறகு நேராகக் கட்டிலருகே போய், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தும் அவள் தலை அண்ணனின் தோள் உயரத்துக்கு இருந்தது.

"புள்ளி, நான் சொல்றதை அப்படியே சொல்லு," என்றாள். "என் வண்டில பிரேக் சத்தம் கேட்டா, எழுதிக் கொடுக்காம நான் வெளிய எடுக்கமாட்டேன். எழுதிக் கொடுத்தும் சரி பண்ணலைன்னா, மறுநாள் 'இன்னமும்'னு எழுதுவேன். உங்க அண்ணன் அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருந்தான்? ஜன்னல் மூடவில்லைன்னா? இல்ல. ஜன்னல் *இன்னமும்* மூடவில்லை."

ஒரு சொல்லைப் பற்றி நாள் முழுவதும் அழுது புலம்பியவள் நான். பக்கத்திலேயே இருந்த இந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

"முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கான். எப்ப, யார்கிட்டன்னு கேளு. திங்கக்கிழமைக்குள்ள அதைக் கண்டுபிடிக்கணும். நாம."

கடைசிச் சொல்லை அவள் தமிழில் சொன்னாள். விரலால் சுற்றிக் காட்டினாள். தன்னை, என்னை, கட்டிலில் கிடந்த முதுகை, கால்மாட்டில் இருந்த அம்மாவை.

அம்மா என்னைப் பார்த்தாள். "என்னையுமா சொல்றா?"

"நாமன்னா நீயும்தாம்மா."

அம்மா குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கப் போனவள், அவிழ்க்காமல் மறுபடி இறுக்கிக் கட்டினாள். எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

நான் அண்ணனின் முதுகிடம் கேட்டேன். ஒரு சொல்லும் விடாமல், நெட்டை சொன்னபடியே.

உரசல் சத்தம் நின்றது. பிறகு அவன் கை மெதுவாக எழுந்து, முகத்துக்கு நேரே தொங்கிய காலண்டரின் தாளைத் தூக்கி, மேலே மடிந்திருந்த பழைய மாதங்களைக் கீழே இறக்கியது. ஒரு தேதியின் மேல் விரல் நின்றது. இன்னொரு மாதம். இன்னொரு தேதி. அப்புறம் இன்னொன்று.

"மூணு தடவை," என்றான் சுவரிடம்.

"யார்கிட்ட அண்ணா?"

"படிப்பறை ஜன்னலைச் சரிபண்ண யார் கையெழுத்துப் போடணுமோ, அவர்கிட்ட." காலண்டரைக் கைவிட்டான். தாள்கள் சரிந்து விழுந்தன. "நூலகர்கிட்ட."

நெட்டை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொல்றான்? புள்ளி, என்ன சொல்றான்?"